ஐந்தே கால் அங்குலம்

டேப் ஐந்தே கால் அங்குலம் என்று காட்டியது.

கோரின் அதைச் சுருளவிட்டாள். மறுபடி இழுத்தாள். பந்தயக் காரின் பின் அச்சின் மேல் நுனியை ஊன்றி, அதற்கு நேர் மேலே இருந்த சட்டத்தின் அடிவிளிம்பு வரை பிடித்து, கைவிளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஐந்தே கால்தான். வலது பக்கம் போய் அளந்தாள். அங்கே ஆறு, சொல்லி வைத்த மாதிரி.

காலி வண்டியில் இடது பக்கமும் ஆறு இருக்க வேண்டும். ஐந்தே கால் என்பது ஆள் உட்கார்ந்த அளவு. அதுவும் யாரோ ஓர் ஆள் இல்லை. அவள் கணவன், இருநூற்று நாற்பது பவுண்டு ராய்ஸ், தோல் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் பெடல் மேல் வைத்து, நாளைக்கு ஓடப்போகிறவன் மாதிரியே உட்கார்ந்தால் வருகிற அளவு. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் நவம்பரிலும் அவள் கையாலேயே நோட்டில் எழுதிவந்த எண்.

ராய்ஸ் போன நவம்பரில் இறந்துவிட்டான்.

அவள் வெளியே ஊர்ந்து வந்து, எழுந்து, ஓட்டுநர் பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கறுப்பு ரெக்ஸின் சீட். பெல்ட் பட்டைகள் இரண்டு பக்கமும் தொங்கின. வேறொன்றும் இல்லை.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றார் ஆர்வின். மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில், உருளைக்கால் முக்காலியில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அடுத்த பண்ணைக்காரர். தானியக் கிடங்கில் நாற்பது வருடம் வெல்டராக இருந்தவர். ராய்ஸின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் ஒருவர்.

“இடது பக்கம் அஞ்சே கால் காட்டுது, ஆர்வின்.”

“காலியாவா?”

“காலியாத்தான்.”

அவர் தகரக் கூரையைப் பார்த்தார். காலையிலிருந்து மழை விடவில்லை. ஒஹாயோவில் ஏப்ரல் எப்போதும் அப்படித்தான். மக்காச்சோள வயல் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தண்ணீர் நின்றது.

“கடைசியா எப்ப முறுக்கினே அந்த நட்டெல்லாம்?”

“நவம்பர்ல.”

“அதாவது…”

“ஆமா. அவர் உக்காந்திருக்கும்போது.”

ஆர்வின் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். “அப்ப இதுல என்னம்மா அதிசயம்? ஆள் உக்காந்திருக்கையில முறுக்கினா, ஸ்பிரிங் முனை புஷ்ல இருக்கிற ரப்பர் அந்த நிலையிலேயே கடிச்சுப் பிடிச்சுக்கும். ஆள் இறங்கினாலும் முழுசா விடாது. ரப்பருக்கு நம்மளவிட ஞாபகசக்தி ஜாஸ்தி. நாலு நட்டையும் தளர்த்தி விடு, வண்டி தானா எழும்பிடும். அப்புறம் நீ ஏறி உக்காரு. உன் கனத்தை வச்சு நான் முறுக்கித் தரேன். வண்டி உனக்குப் பழகிக்கும்.”

“சரி.”

“உன் எடை என்ன?”

“நூத்து முப்பது.”

“அடிப்பாவி, என் நாயே உன்னைவிடக் கனம். பச்சை விளக்கு விழுந்ததும் முன்சக்கரம் ரெண்டும் அடுத்த ஊர்லதான் இறங்கும் பாரு!”

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் எத்தனையாவது சிரிப்பு என்று எண்ணிவிடலாம். நாளை ஞாயிறு, இந்த வருடத்தின் முதல் பந்தயம். கால் மைல் ஓட்டம். பெயர்ப் பட்டியலில் ஓட்டுநர் என்ற இடத்தில் அவளே தன் பெயரை எழுதியிருந்தாள். எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது. காரை விற்றுவிடு என்று ராய்ஸின் அக்கா சொன்னாள், பாதிரியார் சொன்னார், பல் வைத்தியர்கூடச் சொன்னார். விற்றால் அது இன்னொருவன் வீட்டில் ராய்ஸின் காராகவே இருக்கும். ஒரே ஒரு தடவை, தன் எடையோடு, தன் கால் மிதித்து, அந்தக் கால் மைலைக் கடந்துவிட்டால் போதும். அதற்கப்புறம் இந்த வீட்டில் தனக்கு மூச்சு வரும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“வீட்டுக்குப் போய் டார்க் ரெஞ்சை எடுத்துட்டு வரேன்,” என்று ஆர்வின் எழுந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன. “லவோன் பீன்ஸ் சூப் வச்சிருக்கா, குடிக்காம வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டா. பன்னெண்டு மணிக்கு வந்துடுவேன். அதுக்குள்ள நீ தளர்த்தி முடிச்சு, ஜாக்கெட்டு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டி சீட்டுல உக்காந்துடு. நாளைக்கு எப்படியோ அப்படி. நான் வந்தா தலையைத் திருப்பாதே, ஆடாதே. நானும் படுத்தெல்லாம் பாக்க மாட்டேன், என் முட்டி விடாது. இந்த முக்காலியில உக்காந்தபடியே கையை விட்டுத் தடவி முறுக்கிடுவேன். என் பொண்டாட்டி மூஞ்சி மறந்தாலும் அந்த நட்டு இருக்கிற இடம் எனக்கு மறக்காது.”

“அவகிட்ட சொல்றேன்.”

“சொல்லு, சொல்லு. சூப்பும் கிடைக்காது.”

ஷெட்டின் மடிப்புக் கதவை அவர் பாதி இறக்கிவிட்டுப் போனார். அவர் வண்டியின் சத்தம் மழைக்குள் கரைந்தது.

*

ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் இரண்டு பலகைகள். ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஆணி அடித்தவை. சக்கரத்தில் முழுக் கனமும் நிற்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய முடியும், ஜாக்கியில் தூக்கி வைத்தால் அளவெல்லாம் பொய். மூன்று பலகை வைத்திருக்கலாம். நான்கும் வைத்திருக்கலாம். “எதுக்கு? நீதான் இருக்கியே,” என்றான் ராய்ஸ், கல்யாணமான முதல் வருடம். அவளைத் தரையில் படுக்கவைத்து, மார்புக்கு மேலே ஒரு விரல் வைத்து அளந்து, பலகையை அறுத்தான். “பொடிசு, உனக்குன்னே தைச்ச சட்டை மாதிரி இருக்கு பாரு.” அப்போது அது அவளுக்குக் கொஞ்சல் போலத்தான் இருந்தது.

அதிலிருந்து அவன் மேலே, அவள் கீழே. அவன் சீட்டில் சாய்ந்து ரேடியோ கேட்பான். அவள் அட்டையை விரித்துக் குளிர்ந்த சிமெண்டில் மல்லாந்து, அவனுடைய எடையை அங்குலத்தில் படிப்பாள். வேண்டுமென்றே இடுப்பை அசைப்பான். இப்ப எவ்வளவு? அஞ்சே கால். இப்ப? ஆடாம இரு ராய்ஸ். ஐயோ, பொடிசு கோவிச்சுக்கிச்சே. தன் முகத்துக்கு ஒரு சாண் மேலே, அந்தத் தகரத்துக்கு அப்பால், அவன் உடம்பு எப்படியெல்லாம் புரளும் என்பது கட்டிலில் தெரிந்ததைவிட அவளுக்கு இங்கேதான் நன்றாகத் தெரியும்.

பின்பக்க நட்டுகள் இரண்டையும் பம்பருக்கு வெளியே படுத்தே தளர்த்தினாள். பிறகு அட்டையில் சறுக்கி முழுசாக உள்ளே போனாள். கால் எஞ்சின் பக்கம், தலை ஓட்டுநர் சீட்டின் அடியில். பழைய கியர் எண்ணெயின் கந்தக நெடியும், ஈர சிமெண்டின் வாசனையும், அடுப்பின் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து அந்தச் சந்தில் ஒரு போர்வை மாதிரி தங்கியிருந்தன. கைவிளக்கு சட்டத்தின் நிழலைத் தரையில் நீளமாகக் கிடத்தியது. முதலில் வலது பக்க முன் நட்டு. ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். ரப்பர் ஒரு பெருமூச்சு விட்டு நழுவியது. அந்தப் பக்கம் லேசாக உயர்ந்தது. ஆர்வின் சொன்னது சரி.

அவளுக்கு உடம்பு லேசானது. இடது பக்கம் திரும்பி, காதுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி நட்டில் ஸ்பேனரைப் பூட்டினாள்.

இழுத்தாள். அதுவும் நழுவியது.

வண்டி இறங்கியது.

கொஞ்சம்தான். ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து, கனமான ஆள் ஏறி உட்காரும்போது முனகுமே, அப்படி முனகின. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். மழை. அடுப்பு. பிறகு கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி, டேப்பைப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

ஐந்து.

இத்தனை நாள் ரப்பர்தான் அந்தக் கனத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது, கீழே இழுத்து வைத்திருக்கவில்லை. அப்படித்தான் அர்த்தம். அதற்கு மேல் என்ன அர்த்தம் என்று யோசிக்க அவள் மனசு முன்வரவில்லை. ஸ்பிரிங் தொய்ந்திருக்கும், மையப் போல்ட் வெட்டுப்பட்டிருக்கும், வெளியே போய்ப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். குதிகாலை ஊன்றி அட்டையைத் தள்ளினாள்.

மேலே சீட்டின் கம்பிச்சுருள் ஒன்று கிர்ர் என்றது. உட்கார்ந்திருப்பவர் சௌகரியம் பார்த்து இடுப்பை மாற்றும் சத்தம்.

“ஆர்வின்?”

ஆர்வின் வந்திருந்தால் வண்டிச் சத்தம் கேட்டிருக்கும். கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சப் பட்டையில் காலடி எதுவும் இல்லை. ஈரத் தடம்கூட இல்லை.

நான்கே முக்கால். டேப்பைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் தகரம் தொட்டுவிட்டது.

*

ராய்ஸ் போன அன்றைக்கும் இப்படித்தான் மல்லாந்து கிடந்தாள்.

டாக்டர் சொன்னார், மாரடைப்பு, ஒரு நொடியில் போயிருப்பார் அம்மா, ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் தலையாட்டினாள். கீழே வேலையாக இருந்தேன், எனக்குத் தெரியவில்லை என்று ஷெரிஃபிடம் சொன்னாள், அவன் அக்காவிடம் சொன்னாள், ஆர்வினிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வழவழப்பாகி, உண்மை மாதிரியே கையில் உட்கார்ந்தது.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் குமிழ் திருகப்பட்டு ரேடியோ அணைந்தது. பிறகு அவள் முகத்துக்கு மேலே, தகரத்தில், அவனுடைய குதிகால்கள் உதைக்கத் தொடங்கின. அது விளையாட்டு இல்லை. விளையாட்டு எப்படி இருக்கும் என்பது இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். உதை சீராக இல்லை. நடுவில் அவள் பெயரைச் சொல்ல முயலும் ஒரு தொண்டை. பொடிசு இல்லை, பெயர். அவள் கையில் ஸ்பேனர் இருந்தது. ஊர்ந்து வெளியே வர ஏழு வினாடி போதும். அவள் ஸ்பேனரை நட்டில் பூட்டினாள். கரகரவென்று முறுக்கினாள். அந்தச் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை. ஒன்று. இரண்டு. முன்பக்கம் இரண்டும் முடிந்தபோது மேலே அமைதி. பின்பக்கம் ஊர்ந்து போய் அதையும் முறுக்கினாள், அவன் முழுக் கனமும் சீட்டில் இருக்க, முறைப்படி. அளந்தாள். ஐந்தே கால். உயிர் போனதால் அளவு ஒரு மயிரிழைகூட மாறவில்லை. பிறகு மறுபடி உள்ளே சறுக்கி, அவனுக்கு நேர் கீழே நாற்பது நிமிடம் படுத்திருந்தாள்.

யாருக்கும் சொல்லாதது அந்த நாற்பது நிமிடம்தான். அவள் அழவில்லை. பயப்படவும் இல்லை. நன்றாக, ஆழமாக மூச்சு விட்டாள்.

*

நான்கரை.

தகரம் மார்பெலும்பில் உட்கார்ந்தது. ஜில்லென்று. அவள் மூச்சை வெளியே விட்டு உடம்பைச் சுருக்கி, பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். இடுப்பெலும்பு இடித்தது. கதவின் அடிச்சட்டம் தரையை நோக்கி இறங்கியிருந்தது. அந்த இடைவெளியில் கை போகும். தலை போகாது. முன்பக்கம் எஞ்சின். பின்பக்கம் அச்சு. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் உயரம், ஆனால் அங்கே போக நடுவில் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஓடும் தண்டைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்ட மார்பை ஒரு அங்குலம் தூக்க வேண்டும்.

ஒரு அங்குலம் இல்லை.

“ராய்ஸ்,” என்றாள். பாதி மூச்சில்.

மேலே அசைவு நின்றது. கேட்கிறவன் நிற்பதுபோல.

“நான் வந்திருக்கணும்.”

மழை.

“எனக்குக் கேட்டுச்சு. நான் வந்திருக்கணும் ராய்ஸ்.”

யாரோ குனிந்தார்கள். சீட்டிலிருந்து முன்னால் சரிந்து, தரையை நோக்கி. கனம் பெடல் பக்கம் போவதும், பிறகு மெதுவாக, அவசரமில்லாமல், திரும்பி வந்து சாய்வதும் ஸ்பிரிங்கில் தெரிந்தது. ஜாக்கெட்டின் தோல் உரசியது. ஒரு பொத்தான். இன்னொன்று. பெல்ட் கொக்கி பூட்டிக்கொள்ளும் சத்தம்.

நான்கு.

அவளால் இப்போது கழுத்தளவில் மட்டும்தான் மூச்சு விட முடிந்தது. சின்னச் சின்னதாக. நாய் மாதிரி. டேப் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மடங்கியது. இடது கை உடம்பின் அடியில் அகப்பட்டுவிட்டது. வலது கை தலைக்குப் பின்னால். விரல்கள் அசைந்தன. விரல்கள் மட்டும்.

வண்டிச் சத்தம்.

சரளையில் டயர் நின்றது. கதவு அறைந்தது. மடிப்புக் கதவு கடகடவென்று உயர, வெளிச்சம் தரையோடு ஓடி வந்து அவள் கண்ணில் விழுந்தது. அடிச்சட்டத்துக்கும் சிமெண்டுக்கும் இடையே ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஆர்வினின் பூட்ஸ்.

ஆர்வின் என்று சொன்னாள். உதடு மட்டும் சொன்னது.

பூட்ஸ் ஓட்டுநர் கதவுக்கு எதிரே வந்து நின்றது.

“அடேங்கப்பா,” என்றார் ஆர்வின். “உக்காந்தாச்சா! ஹெல்மெட்டும் போட்டு, கண்ணாடியும் இறக்கி… நிஜ ஓட்டுநர் மாதிரியே இருக்கியே, கோரின்.”

மழை கூரையில் கொட்டியது.

“சரி, சரி, பேசாதே. திரும்பாதே. நல்ல பிள்ளை. லவோன் உனக்கும் சூப்பு குடுத்து விட்டிருக்கா.” முக்காலியின் உருளைகள் தரையில் உருண்டன. பின்பக்கம் போயின. “நூத்து முப்பதுன்னு பொய்தானே சொன்னே? வண்டி இப்படித் தணிஞ்சிருக்கு. பரவாயில்ல, பொம்பளைங்க எடையும் வயசும் நிஜம் சொல்லக் கூடாது.”

டார்க் ரெஞ்ச் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் ஒரு சத்தம் தரும்.

டக்.

பின் இடது. முடிந்தது.

டக். பின் வலது.

அவள் குதிகாலால் தரையைத் தேய்த்தாள். அது அட்டையில் வழுக்கியது. அடுப்பு அதைவிடச் சத்தமாக எரிந்தது. முக்காலி சுற்றி வந்தது. வலது பக்கம். ஒரு கையுறை உள்ளே வந்து, தடவி, நட்டைக் கண்டுபிடித்தது. டக்.

முக்காலி மறுபடி உருண்டது. இடது பக்கம். பூட்ஸ், மிகக் கிட்டே. அதில் ஒட்டியிருந்த சேற்றை அவளால் முகர முடிந்தது.

கை உள்ளே வந்தது. அடிச்சட்டத்துக்குக் கீழே, ஈரத் தோல் கையுறை, பார்க்காமல், பழக்கத்தில். ஸ்பிரிங்கைத் தொட்டது. ஸ்பிரிங் முனையின் வளையத்தைத் தொட்டது. நின்றது. அவள் தலைமுடியை விரல்களுக்கு நடுவே எடுத்து உருட்டிப் பார்த்தது.

இங்கே, என்றாள். இங்கே, ஆர்வின். காற்று இல்லை.

“வேஸ்ட் துணியை இங்கேயே போட்டு வச்சிருக்கே பாரு,” என்று ஆர்வின் அலுத்துக்கொண்டார். உள்ளங்கையை அவள் முகத்தில் வைத்து, மெதுவாக ஒரு பக்கம் தள்ளினார். ரெஞ்சை மாட்டினார்.

டக்.

“ஆச்சு. இனிமே இது உன் வண்டி.” முக்காலி பின்னால் நகர்ந்தது. “எப்படி இருக்கும்மா? சரியா இருக்கா?”

மேலே ஹெல்மெட்டின் கண்ணாடி உயரும் சத்தம். பிறகு சீட்டிலிருந்து கோரினின் குரல், கொஞ்சமும் மூச்சிரைக்காமல், சிரிப்போடு சொன்னது:

“இப்பதான் சரியா இருக்கு. நீங்க போங்க ஆர்வின், கதவை இறக்கிட்டுப் போங்க. நான் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கேன்.”

பூட்ஸ் திரும்பியது. மடிப்புக் கதவு இறங்க இறங்க, தரையில் இருந்த வெளிச்சக் கோடு அவள் கண்ணிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து சிமெண்டுக்குப் போய், மெலிந்து, நூலாகி, அணைந்தது.